அம்மாயியிடம் முதலில் கேட்க வேண்டும்

"சின்னப் புள்ளதானே மிஸ், அதுக்கு என்னா தெரியும். மறந்துரும்."

இலங்கை மலையகத்தில் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் உளசமூக வேலை செய்கிற எவரும் இந்தப் பேச்சைக் கேட்காமல் ஒரு மாதத்தைத் தாண்ட முடியாது. வீட்டில் அடிதடி, மண்சரிவு, திடீர்ச் சாவு, தாய் வெளிநாடு போனது என்று எது நடந்தாலும், பள்ளிக்கூடம் போகாத வயசுப் பிள்ளையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்வது இதுதான். சொல்கிறவர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நம்பினால்தான் மறுநாள் காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போய் நிற்க முடியும். நம்பாவிட்டால் என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தந்ததுமில்லை.

நானும் தோட்டத்துப் பிள்ளைதான். அம்மா கொழுந்துக்குப் போக, வேலைக்காரர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவிலும், அம்மாவின் அம்மாவான அம்மாயியின் மடியிலுமாக வளர்ந்தவள். உளவளத்துணை டிப்ளோமா படித்தபோது எங்களுக்குக் கற்றுத் தந்ததெல்லாம் பேசத் தெரிந்தவர்களுக்கானது. எதிரே உட்கார வை, காதுகொடு, குறுக்கே பேசாதே, புத்திமதி சொல்லாதே. நல்ல பாடம்தான். ஆனால் மூன்று வயசுப் பிள்ளை எதிரே உட்காராது. மேசைக்கு அடியில் போய்விடும்; அல்லது நம் கைப்பையைத் திறந்து கொட்டும். அந்த வயசுக்காரருடன் என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் நான் சிறு பிள்ளைகளின் மனவடுவைப் பற்றி வாசிக்கத் தொடங்கினேன்.

பிள்ளை மறப்பதில்லை. நடந்ததை வார்த்தையாக வைத்துக்கொள்ளத் தெரியாததால் உடம்பிலும் விளையாட்டிலும் வைத்துக்கொள்கிறது. கொஞ்சிக் கொஞ்சிப் பேசிக்கொண்டிருந்தது பேச்சைக் குறைத்துக்கொள்ளும். சொல்லிவிட்டு வெளியே போகப் பழகியது மறுபடி பாயை நனைக்கும். பக்கத்துக் காம்பராவில் கதவு அடித்தால் இங்கே தூக்கிவாரிப்போடும். கண்டவரிடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும், இல்லாவிட்டால் பெற்றவளிடமே போகாது. ஒரே விளையாட்டை, துளிச் சந்தோஷமில்லாமல், திரும்பத் திரும்ப விளையாடும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் தன் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பை வெளியிட்டபோதுதான் மனவடு நோயை ஆறு வயசுக்கு உட்பட்டவர்களிடம் கண்டுபிடிக்கவென்று தனி அளவுகோலைச் சேர்த்தது. அதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நடந்ததை விளையாட்டில் மறுபடி நடத்திக் காட்டுவதும் நினைவு திரும்பி வருவதாகவே கணக்கு. அப்போது பிள்ளையின் முகம் கலங்கியிருக்க வேண்டும் என்றில்லை. அடுத்தது, அடி தன்மேல் விழுந்திருக்க வேண்டியதுமில்லை. பெற்றவருக்கோ வளர்த்தவருக்கோ நடந்ததைக் கண்டிருந்தாலே போதும்.

டொனால்ட் வின்னிகொட் என்கிற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர், குழந்தை என்று தனியாக ஒன்று கிடையாது என்று சொல்வார். குழந்தையைக் காட்டு என்றால் குழந்தையையும் அதைத் தூக்கி வைத்திருக்கும் ஒருவரையும்தான் காட்ட முடியும். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் வளர்ந்த எனக்கு இது புதுசாகத் தெரியவில்லை. பத்துக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் ஏழு பேர் படுக்கிற இடத்தில் யார்தான் தனியாள்? ஆனால் இதை வைத்தியமாக ஆக்கினால் என்ன வரும் என்பதைச் செய்து காட்டியவர் செல்மா ஃப்ரைபெர்க். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரத்தில், கைக்குழந்தைகளோடு தவித்த தாய்மாரின் வீடுகளுக்கே அவருடைய குழு போயிற்று. குசினி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தாய் வேலை செய்துகொண்டிருக்கும்போதே நடந்த வைத்தியம் அது.

1975இல் இரண்டு சகாக்களோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரையில் ஐந்தரை மாதக் குழந்தை ஒன்று வருகிறது. குழந்தை வீறிட்டு அழுகிறது. தாய் அங்கேயே இருக்கிறாள், தூக்கவில்லை. அழுகை அவள் காதில் ஏறவே இல்லை. இப்படி ஒரு தாயா என்று கேட்பதுதான் சுலபம். அவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள்: இவளுக்கு ஏன் கேட்கவில்லை? பார்த்தால், சின்ன வயசில் கைவிடப்பட்டு, வீடு வீடாக மாறி, அழுத நேரமெல்லாம் யாருமில்லாமல் வளர்ந்தவள் அவள். அந்தப் பழைய அழுகைக்கு ஓர் ஆள் காதுகொடுத்து, அவளும் தன் வாயால் அதைச் சொல்லி அழுதபிறகு, குழந்தையை நெஞ்சோடு அணைத்தாள். பெற்றோரின் பழைய காலம் பிள்ளையின் தொட்டிலடியில் பேயாக வந்து நிற்கிறது என்று அவர்கள் எழுதினார்கள். பேய் ஓட்டுகிற முறையும் அதிலேயே இருந்தது. தாயின் அழுகையைக் கேள். அவள் பிள்ளையின் அழுகையைக் கேட்பாள்.

இந்த வழியில் வந்தவர்கள் அலிசியா லீபர்மனும் பெட்ரிசியா வான் ஹோர்னும். சான் பிரான்சிஸ்கோவில் இருந்துகொண்டு, பிறந்த குழந்தை முதல் ஐந்து வயசு வரையான பிள்ளையையும் அதன் தாயையோ வளர்ப்பவரையோ ஒன்றாக உட்கார வைத்துச் செய்கிற சிகிச்சையை இருவரும் உருவாக்கினார்கள். 2005இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், வீட்டு வன்முறையைக் கண்ட மூன்று முதல் ஐந்து வயசுப் பிள்ளைகளும் தாய்மாருமாக 75 ஜோடிகள். அவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்தச் சிகிச்சை, வாரத்துக்கு ஒரு தடவையாக ஏறக்குறைய ஓர் ஆண்டு. ஒப்பீட்டுக்கு வைத்திருந்த குழுவைவிட இவர்களிடம் பிள்ளைகளின் நடத்தைச் சிக்கலும் மனவடு அறிகுறிகளும் நன்றாகக் குறைந்தன.

முறை என்னவென்றால், தொடக்கத்தில் பிள்ளை கிடையாது. சில வாரம் பெரியவரோடு மட்டும் பேச்சு. பிள்ளைக்கு என்ன நடந்தது, இவருக்கு என்ன நடந்தது, பிள்ளையிடம் இதுவரை என்ன சொல்லியிருக்கிறார், இனி என்ன சொல்லலாம். இதெல்லாம் முடிந்துதான் பிள்ளை அறைக்குள் வரும். வந்ததும் ஒளிவுமறைவில்லாமல், பிள்ளையின் பேச்சிலேயே மூன்று விஷயம் சொல்லப்படும். நீ இதைப் பார்த்தாய். அதிலிருந்து உனக்கு இப்படி இருக்கிறது. இங்கே அதைப் பற்றி விளையாடலாம், பேசலாம். பிறகு பொம்மைகள். அவையும் கையில் அகப்பட்டவை அல்ல. நடந்ததோடு தொடர்புள்ளவையாகத் தேடி வைப்பார்கள். பொலிஸ் வண்டி, அம்புலன்ஸ், வைத்தியப் பெட்டி, குடும்பத்துப் பொம்மைகள்.

அந்த முறையை முழுசாகப் பயின்றவள் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது. வாசித்ததும், பயிற்சிப் பட்டறைகளில் பிடித்துக்கொண்டதும், மேற்பார்வை செய்கிற டாக்டர் திருத்தியதும் சேர்ந்ததுதான் என் கைவேலை. என்றாலும் எங்கள் பொம்மைப் பெட்டியில் என்ன இருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். தகரம் போட்ட அட்டைப்பெட்டி லயம். கொழுந்துக் கூடை. த்ரீவீலர். ஒரு கைப்பேசி. மண் சரிகிற விளையாட்டுக்கு மண்நிறத் துணி. ஒரு போத்தல். அப்புறம் விமானம். விமானம் இல்லாத பொம்மைப் பெட்டி மலையகத்தில் பாதிப் பெட்டிதான்.

நான் சொல்லப்போகிற பிள்ளைக்கு நாலு வயசு இருக்கும். அடையாளம் தெரியாதபடி ஊரையும் விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். அப்பா குடித்துவிட்டு அம்மாவை அடித்ததைப் பார்த்திருக்கிறது. ஒரு நாள் அம்மா குவைத்துக்குப் போய்விட்டாள். அப்பா வேறு பக்கம் போய்விட்டார். பிள்ளை அம்மாயியோடு. முன்பள்ளி டீச்சர் அனுப்பி வைத்த காரணம், பிள்ளை மற்றப் பிள்ளைகளைக் கடிக்கிறது. அம்மாயியின் புகார் வேறு. "ராவெல்லாம் தூங்க விடாது மிஸ். ஏன் முந்தானைய அது கையில சுத்திக்கிட்டுத்தான் படுக்கும். நான் ஒண்ணுக்குப் போக எந்திரிச்சா முழிச்சுக்கும். ஏசுவேன். அடியும் வச்சிருக்கேன்."

அம்மா எப்படிப் போனாள் என்று கேட்டேன். எங்கள் பக்கம் எப்படிப் போவார்களோ அப்படித்தான். ஏஜென்சி வேன் விடியற்காலை வந்தது. பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்பினால் அழும் என்று எழுப்பவில்லை. விழித்ததும் அம்மா எங்கே என்று கேட்டது. கடைக்குப் போயிருக்கு, வந்துரும் என்றார்கள். இரண்டு வருஷமாக அம்மா கடையில்தான் இருக்கிறாள். கைப்பேசியில் முகம் தெரிகிறபோது பிள்ளை ஓடி ஒளிந்துகொள்கிறது. அங்கே அவள் அழ, இங்கே கிழவி பிள்ளையைப் பிடித்துத் திரைக்கு முன்னால் நிறுத்த, அழைப்பு முடிகிறது.

தூங்கினால் ஆள் காணாமல் போய்விடும் என்று கண்டுகொண்ட பிள்ளை தூங்குமா? முந்தானையைச் சுற்றிக்கொள்வது அந்தப் பிள்ளையின் புத்திசாலித்தனம். அதை இப்படிச் சொன்னபோது அம்மாயி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஒத்துக்கொள்ளவுமில்லை, மறுக்கவுமில்லை.

அதற்கப்புறம் நான் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாயியிடம்தான் பேசினேன். அலுவலகத்துக்கு வரச்சொன்னால் வரமாட்டார், வந்தால் ஒரு பேர், ஒரு நாள் சம்பளம், போய்விடும். ஃப்ரைபெர்க்கின் குசினி இங்கேதான் எனக்குக் கைகொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் அடுப்படியில் ரொட்டிக்கு மாப் பிசைய, நான் பலகையில் உட்கார்ந்திருப்பேன். பல தடவை பேச்சு மகளைப் பற்றி, மருமகனைப் பற்றி, தோட்டத்துச் சம்பளத்தைப் பற்றி. ஒரு நாள் கேட்காமலேயே அவருடைய அக்காவைப் பற்றி வந்தது.

1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் இந்தியாவுக்கென்று பிரிக்கப்பட்டது எல்லோருக்கும் தெரியும். எழுபதுகளின் பஞ்சத்தில், மரவள்ளியும் இல்லாமல் கீரையை அவித்துத் தின்ற காலத்தில், போனவர்கள் ஏராளம். தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்றே பெயர் விழுந்தது. அம்மாயியின் அக்கா கல்யாணம் முடித்த கையோடு மாப்பிள்ளை வீட்டாரோடு அந்தக் கோச்சியில் ஏறியவர். இவருக்கு அப்போது ஏழு வயசு. அக்கா விருந்துக்குப் போகிறாள், திருவிழாவுக்கு வந்துவிடுவாள் என்றார்களாம். "வரவே இல்ல. கடுதாசி ரெண்டு வந்துச்சு. அப்பறம் அதுவும் இல்ல." மாவைத் தட்டிக்கொண்டே சொன்னார். நான் இதையும் பேத்தியையும் முடிச்சுப் போடவில்லை. அவரும் போடவில்லை. கட்டச்சம்பல் உறைப்பாக இருக்கிறதா என்று கேட்டார்.

இதெல்லாம் உடனே பலித்தது என்று எழுதினால் பொய். ஆனால் கொஞ்ச நாளைக்குப் பிறகு, ராத்திரி எழுந்திருக்கும்போது "அம்மாயி வெளிய போயிட்டு வந்துருவேன், இந்தா டோர்ச்சு வெளிச்சம் தெரியும் பாரு" என்று சொல்லிவிட்டுப் போகிறார் என்று தெரிந்தது. நான் சொல்லிக் கொடுத்ததல்ல. ஏசுவது குறைந்திருந்தது. அதன்பிறகுதான் பிள்ளையையும் அவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பொம்மைப் பெட்டியைத் திறந்தேன். பிள்ளை பெரிய பொம்மையை விமானத்தில் ஏற்றியது. சின்னப் பொம்மையைப் படுக்க வைத்துத் துணியால் மூடியது. துணியை எடுத்தது. மறுபடி மூடியது. அம்மாயி "சீ, அப்புடி விளையாடாத" என்று வாயெடுத்தவர், நிறுத்திக்கொண்டார். என் பார்வையில் அன்றைய வைத்தியம் அந்த நிறுத்தம்தான்.

பிரிவு அவ்வளவு பெரிய விஷயமா, அடிதடி இல்லாமல் நிம்மதியாக வளர்வது நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது லண்டன் ஹாம்ஸ்டெட்டில் சிறுவர் காப்பகம் நடத்திய அன்னா ஃப்ராய்டும் டொரதி பர்லிங்ஹாமும் 1940களின் தொடக்கத்திலேயே இதைப் பார்த்து எழுதினார்கள். குண்டுவீச்சின்போது நிதானமான தாயோடு கூட இருந்த சிறு பிள்ளைகள் பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. பாதுகாப்புக்காகத் தாயைப் பிரித்துத் தூரத்துக்கு அனுப்பிய பிள்ளைகள்தான் அதிகம் குலைந்தன. இதை வைத்துக்கொண்டு வெளிநாடு போன தாய்மாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. அரசே அப்படி ஏற்றிப் பார்த்தது. ஐந்து வயசுக்குக் குறைந்த பிள்ளை உள்ள பெண் வீட்டுப் பணிக்கு வெளிநாடு போகக்கூடாது என்று 2013இல் விதி போட்டது; 2022இல், டொலருக்குத் தட்டுப்பாடு வந்ததும், அந்த வயசை இரண்டாகக் குறைத்தது. தகப்பனுக்கு அப்படி ஒரு விதி எந்த ஆண்டிலும் இல்லை. போகிறவளைத் தடுப்பதைவிட, போவதைப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு மணிநேரம் அவளோடு உட்கார்ந்து பேச ஓர் ஆளை வைத்திருந்தால் எவ்வளவோ பிரயோசனம்.

மண்சரிவு வேறு கதை போலத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது பள்ளிக்கூடம் போயிருந்ததால் பிழைத்த பிள்ளைகள் உண்டு. திரும்பி வந்தபோது சிலருக்கு லயமும் இல்லை, பெற்றவர்களும் இல்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளைப் பக்கமெல்லாம் மலையை உடைத்துக்கொண்டு போனது. அதற்குப் பிறகு தகரத்தில் மழை பலத்து விழுந்தால் பெரியவர்களே எழுந்து உட்காருகிறார்கள். பெரியவர் உட்காருவதைப் பார்த்துத்தான் பிள்ளை பயத்தின் அளவை எடுக்கிறது. அதனால் முகாமில் பிள்ளைகளைத் தனியாகக் கூட்டிச் சித்திரம் கீறவைத்துவிட்டு, தாய்மாரை உலர் உணவு வரிசையில் நிறுத்துவதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மழை பெய்கிறபோது தாய் பிள்ளையிடம் என்ன சொல்லுகிறாள், சொல்லும்போது அவள் கை நடுங்குகிறதா என்பதற்கு முன்னால் கலர் பென்சில் ஒன்றும் செய்யாது.

பயந்த பிள்ளைக்கு எங்கள் ஊரில் ஏற்கெனவே வைத்தியம் இருக்கிறது. "பயந்துக்கிருச்சு" என்று கோயில் பூசாரியிடம் தூக்கிப்போய்த் திருநீறு போட்டு, நூல் கட்டுவார்கள். படித்த சகபாடிகள் சிலர் இதற்குச் சிரிக்கிறார்கள். நான் சிரிப்பதில்லை. பிள்ளை பயந்திருக்கிறது என்று பெரியவர் ஒருவர் வாய்விட்டு ஒத்துக்கொள்கிறார். வேலையை விட்டுவிட்டு அதை மடியில் வைத்துக்கொள்கிறார். எல்லோரும் அந்தப் பிள்ளையைப் பார்க்கிறார்கள். இதில் பாதி வைத்தியம் நடந்துவிடுகிறது. நடக்காத பாதி, எதைக் கண்டு பயந்தது என்பது. அப்பா அம்மாவை அடித்ததைக் கண்டு பயந்தது என்று சொல்ல முடியாததால்தான் ஆற்றங்கரையில் ஏதோ காற்றுப் பட்டுவிட்டது என்கிறார்கள்.

சொல்ல முடியாததற்குக் காரணமும் உண்டு. அடித்தவர் அதே காம்பராவில் மறுசுவர் ஓரமாகப் படுத்திருக்கலாம். பேசினால் லயம் முழுக்கக் கேட்கும். பிள்ளைக்கு ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது அதைப் பற்றி விளையாடச் சொல்வது வைத்தியமாகாது. முதலில் 1929க்கு அழைக்க வேண்டும், சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. லீபர்மனின் முறையிலும் பாதுகாப்பு முதலில்தான். வீடு, வருமானம், கடிதம் எழுதித் தருவது, அலுவலகங்களுக்குக் கூடவே போவது எல்லாமே அங்கே சிகிச்சையின் பகுதி, தருமகாரியம் அல்ல. யாழ்ப்பாணத்து உளமருத்துவர் தயா சோமசுந்தரம் வடக்கின் போரை வைத்து, எங்கள் சமூகங்களில் மனவடு தனி ஆளோடு நிற்பதில்லை, குடும்பத்தையும் ஊரையும் சேர்த்து உடைக்கிறது என்று எழுதிவந்ததும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது. மலையகத்துக்கு அது பொருந்தாது என்று யாரும் சொல்ல முடியாது.

ஐம்பது வாரம், வாரம் ஒரு மணிநேரம், அதற்கென ஓர் அறை என்பது இங்கே நடக்காது. ஆனால் வீடு வீடாகப் போகிற குடும்பநல மாது இருக்கிறார். பிள்ளைக்காம்பராவில் ஆயாம்மா இருக்கிறார். சில பிள்ளைகளுக்குத் தாயைவிட அதிக நேரம் முகம் தெரிந்தவர் அவர்தான். இவர்களுக்கு ஒன்றைப் பழக்கினாலே பெரிசு: கடிக்கிற பிள்ளையைப் பற்றி "இதுக்கு என்ன கோளாறு" என்பதற்குப் பதிலாக "இதுக்கு என்ன நடந்துச்சு, இத வச்சிருக்கவங்களுக்கு என்ன நடந்துச்சு" என்று கேட்பது. அதைக் கேட்டுவிட்டு ஆயாம்மா தன் வீட்டுக்குப் போய் யாரிடம் சொல்லி ஆறுவார் என்பதையும் யாராவது யோசிக்க வேண்டும். அவரும் அதே லயத்துக்காரர்தான்.

அந்தப் பிள்ளையின் அம்மா வருகிற சித்திரைக்கு லீவில் வருகிறாள். ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போவாள். இதைப் பிள்ளையிடம் எப்போது சொல்வது என்பதில் எனக்கும் அம்மாயிக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. இப்போதே சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. "வாரதுக்கு முன்னாலயே போறதச் சொன்னா வந்த சந்தோசமும் இல்லாமப் போகும் மிஸ்" என்கிறார் அவர். அதிலும் நியாயம் இருக்கிறது. கடைசியில் குவைத்துக்கே அழைத்துக் கேட்டோம். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, வந்து ஒரு வாரம் போகட்டும், நானே சொல்கிறேன் என்றாள். கலண்டரில் நாளைக் காட்டிச் சொல்வாளாம். கட்டுநாயக்காவுக்கு வேனைப் பகலில் வரச்சொல்லி ஏஜென்சியிடம் கேட்டிருக்கிறாள். விடியற்காலை விமானத்துக்குப் பகல் வேன் எதற்கு, ராத்திரி எங்கே தங்குவாய் என்று அவர்கள் கேட்டார்களாம். விமான நிலையத்திலேயே உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லியிருக்கிறாள்.